மயக்க மருந்தால் கட்டி வளருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டி. ஆரம்ப நிலைதான், முதலில் ஆபரேஷன் என்று தூத்துக்குடியில் நாள் குறித்துவிட்டார்கள். மயக்கம் கொடுத்தால் இரத்தத்தில் ‘வளர்ச்சிப் புரதம்’ கூடி, மிச்சமிருக்கிற புற்று பரவிவிடும் என்று செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர்க் கோயிலில் சேர்மன் சாமியைக் கும்பிட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அத்தை. என்ன செய்யட்டும் டாக்டர்?
– ஒரு மகள், ஏரல்

பதில்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வீடியோவில் சொன்ன புரதம் உண்மையில் இருக்கிறது. அதன் பெயர் விஇஜிஎஃப். புதிய இரத்தக் குழாய்களை முளைக்க வைப்பது அதன் வேலை. தோலை வெட்டித் தைத்தால் அந்த இடம் ஆறுவதற்குப் புதுக் குழாய்கள் வேண்டும். அதனால் எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது கூடும். புற்றுக்கட்டியும் இதே புரதத்தைத் தன் தீனிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதால்தான் பயம் வந்தது.

2010-ல் அயர்லாந்தில், மார்பக ஆபரேஷன் செய்துகொண்ட 40 பெண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முகமூடி வழியாகச் சுவாசிக்கும் செவோஃபுளூரேன் வாயுவோடு மார்ஃபின் வகை மருந்து பெற்றவர்களுக்கு விஇஜிஎஃப் தெளிவாக ஏறியது. நரம்பில் ஏற்றும் புரோபோஃபாலோடு முதுகுப் பக்கம் மரப்பு ஊசியும் போட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதுபோன்ற ஆய்வுகளைத்தான். ஆனால் இந்தப் புரதத்தை அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. இரத்தத் தட்டணுக்களுக்குள் விஇஜிஎஃப் நிறைய அடைந்துகிடக்கிறது. குழாயில் எடுத்த இரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டிவிடும். ஒரே பெண்ணின் இரத்தத்தை உறையவிட்டு அளந்தால் ஒரு கணக்கு, உறையாமல் காத்து அளந்தால் வேறு கணக்கு.

நமக்கு வேண்டியது புரதத்தின் கணக்கு அல்ல. நோய் திரும்புகிறதா, அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பது. அதையும் பார்த்தாயிற்று. 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 2,108 பெண்களில் ஒரு பாதிக்கு வாயு மயக்கம், மறு பாதிக்குப் புரோபோஃபாலும் மரப்பு ஊசியும். நோய் திரும்பியது இரு பக்கமும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. ஸ்வீடன் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்விலும், வாயுவோ புரோபோஃபாலோ, ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 92 பேர். இதற்குமேல் எந்த மருந்து என்பதை மயக்க டாக்டரிடம் விட்டுவிடலாம்.

தாமதம்தான் நிச்சயமான கேடு. மார்பக ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுவதாக 2020-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆடி அமாவாசை குறித்த நாளுக்கு முன்பே வருகிறதென்றால் அம்மா மனநிறைவாகக் கும்பிட்டுவிட்டே வரட்டும். அத்தை சொல்லும் ‘அப்புறம்’ மட்டும் தை அமாவாசை வரை இழுக்கக் கூடாது.

வீடியோவில் வராத ஒரு நல்ல செய்தி நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பாட்வே குழுவினர், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுள்ள சுமார் 1,600 பெண்களிடம் ஓர் எளிய காரியத்தைச் சோதித்தார்கள். முழு மயக்கம் கொடுத்த பிறகு, கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அந்த மருந்துதான். ஐந்தாண்டு கழித்து, ஊசி போட்டவர்களில் 90.1 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள், போடாதவர்களில் 86.4. மிக மலிவான மருந்துக்கு இது பெரிய பலன் என்றே நான் நினைக்கிறேன். 2023-ல் வெளியான இந்த முடிவை வேறு இடங்களிலும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பாரும் உண்டு, அது நியாயமே. அதில் சேர்ந்தவர்கள் கீமோ இல்லாமல் முதலில் ஆபரேஷனுக்கு வந்தவர்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான். ஆகவே அறுவை மருத்துவரிடம், “கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் போடுவீர்களா, சார்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

மயக்க டாக்டர் பார்க்க வரும்போது அம்மா சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், சித்த மருந்து, லேகியம் எதையும் மறைக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.