சூரைச்செடியின் கீழ் ஒரு பாடம்: மனச்சோர்வு மாத்திரையும் உடல் அசதியும்

வாசிக்க வேண்டிய பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



இம்மாதப் பாடத்திற்குள் போகுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அது என்னுடைய தவற்றைப் பற்றியது. சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சபையில் பிரசங்கிக்கச் சென்றிருந்தேன். பாடகர் குழுவில் இருந்த ஒரு சகோதரி, நான் பேசத் தொடங்கிய ஐந்தாம் நிமிடமே தூங்கிவிட்டார்கள். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, "என்னம்மா, ஐத்திகு மாதிரி ஜன்னலிலிருந்து விழாமல் இருந்தீர்களே, ஸ்தோத்திரம்!" என்று விளையாட்டாகச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சகோதரியும் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர்களை எங்கள் வார்டில் சந்தித்தேன். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, உயிரே வேண்டாம் என்ற நிலை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார்கள். "ஐயா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது தூக்கத்தைக் கொடுத்தது. நீங்கள் அன்றைக்குச் சொன்ன பிறகு, மாத்திரையா, கோயிலா என்று யோசித்தேன். கோயில்தான் வேண்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன்."

அன்பானவர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பாடம் அந்த இரவில் தொடங்கியது.

1. எலியாவுக்குக் கிடைத்த வைத்தியம்

கர்மேல் மலையில் பெரிய ஜெயத்தைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவு வந்தால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? கடிந்துகொள்ளவில்லை. "உன் விசுவாசம் எங்கே?" என்றும் கேட்கவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனார். தூதன் அதையும் குற்றமாக எண்ணாமல் இரண்டாந்தரம் வந்து எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிடக் கொடுத்தான். மலையின்மேல் தேவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

சரீரத்தின் களைப்பைக் களைப்பாகவே பார்க்கத் தேவதூதனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

2. இந்த மாத்திரை வந்த விதம்

1952ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுச்சளிக்குக் கொடுத்த மருந்தால், படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். டாக்டர்கள் முதலில் அதை ஒரு பக்கவிளைவு என்றே எண்ணினார்கள். 1957இல் அதே மருந்து மனச்சோர்வு நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. கல்லீரலைக் கெடுத்ததால் அது பின்னால் கைவிடப்பட்டது. அதே 1957இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதை வெளியிட்டார். அதன் இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஃப்ளுவாக்ஸெடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் முதலியவை அதைத் தொடர்ந்து வந்தன.

ஆக, மனச்சோர்வு மாத்திரை என்பதே ஒரு பக்கவிளைவிலிருந்து பிறந்தது. நன்மையும் தொல்லையும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கிய ஆய்வில், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சானடோரியத்தில் கிடப்பவரைப் போலவே வீட்டில் இருப்பவரும் குணமடைவார் என்று நிரூபித்தார்கள். "ஒழுங்காக" என்ற வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. மனநோய்க்கும் அப்படித்தான்.

3. முதலில் தொல்லை, பிறகு சுகம்

இதைப் பலரும் அறியாததால்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு, அசதி ஆகியவை முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். மனதில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமும் ஆகலாம். இடையில் உள்ள நாட்களில் நோயாளிக்குக் கஷ்டம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். "மாத்திரையால் இன்னும் மோசமாகிவிட்டேன்" என்று அவர் சொன்னால் அது பொய்யல்ல. ஆனாலும் அது கதையின் முடிவு அல்ல. குமட்டல் போன்றவை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும்.

4. அசதிக்கு என்ன செய்யலாம்?

அசதி எல்லாம் மாத்திரையால் வருவதல்ல. மனச்சோர்வே ஆளை அசத்திப்போடும் நோய். இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை ஆகியவையும் அப்படியே செய்யும். வயதானவர்களுக்கு இம்மாத்திரைகளில் சில, இரத்தத்தில் உப்புச்சத்தைக் குறைத்து அசதியும் குழப்பமும் உண்டாக்குவதுண்டு. எனவே, "களைப்பாக இருக்கிறது" என்று டாக்டரிடம் சொன்னால் அவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். அது வீண் செலவு அல்ல.

மாத்திரை சாப்பிடும் நேரமும் முக்கியம். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்றவை தூக்கம் தருபவை. ஆகவே இரவில் சாப்பிடச் சொல்வார்கள். ஃப்ளுவாக்ஸெடின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், ஆகவே காலையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி, "ராத்திரி மாத்திரை" என்று சீட்டில் இருந்ததால் வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டுவிட்டு, பிரஸ் மெஷின் முன்னால் கண் அயர்ந்திருக்கிறார். தேவகிருபையால் விரல்கள் தப்பின. அவர் தன் ஷிப்ட்டை டாக்டரிடம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எனவே ஷிப்ட் வேலையைச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும்வரை வண்டி ஓட்டாதிருங்கள். மதுவைத் தொடவே வேண்டாம், மயக்கம் இரட்டிப்பாகும்.

மற்றத் தொல்லைகளுக்குச் சில எளிய வழிகள்:

- குமட்டலா? டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம்.
- வாய் வறட்சியா? அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர்.
- மலச்சிக்கலா? கீரை, கொய்யாப்பழம், போதிய தண்ணீர், தினமும் கொஞ்சம் நடை.
- எழுந்ததும் தலை சுற்றுகிறதா? படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழும்புங்கள்.
- பகல் தூக்கமா? பிற்பகலில் அரை மணிக்கு மேல் படுக்க வேண்டாம். மாலைக்குப் பின் காப்பி, டீ வேண்டாம். அதிகாலை வெயிலில் பத்து நிமிடம் நடந்து, மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.
- எடை கூடுகிறதா? மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இவற்றில் பல மாத்திரைகள் தாம்பத்திய உறவில் ஆசையைக் குறைக்கும். கணவன் மனைவியைச் சந்தேகிப்பதும், மனைவி அழுவதும், ஒருவரும் வாய் திறக்காததும் எத்தனை வீடுகளில் நடக்கிறது! இது மருந்தின் விளைவு. அன்பு குறைந்ததன் அடையாளம் அல்ல. டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

5. திடீரென்று நிறுத்தக் கூடாது

திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி வரலாம். இதைக் கண்டு, "அடிமையாகிவிட்டேன்" என்று பயப்படுகிறார்கள். இது போதைப் பழக்கம் அல்ல. பழகிய உடல் மெதுவாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். சுகம் கிடைத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிடச் சொல்வது, நோய் திரும்பாதிருக்கவே. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். கர்ப்பிணிகளும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய நிலைகளும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வருதல் (முக்கியமாக 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்), தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும், காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும், சிறுநீர் பிரியாமை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கும்போதும், இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள். சில வலி மாத்திரைகள் இதோடு ஒத்துப்போகாது. நள்ளிரவிலும் பேச டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது.

6. சபையின் பங்கு

நம் ஊரில், "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே கேலியாகிவிட்டது. 1794இல் தொடங்கி எத்தனையோ தலைமுறைகளைத் தாங்கிய மருத்துவமனையின் பேரை நாம் வசவாக்கிவிட்டோம். ஆவடியிலிருந்து மாத்திரை வாங்கப் போகிறவர், பக்கத்து வீட்டாரிடம், "எக்மோருக்குக் கண் காட்டப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆனால் நல்ல முன்மாதிரியும் நமக்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. மருந்தைக் கொடுப்பவர், தொல்லையைக் கவனிப்பவர், தைரியம் சொல்பவர் எல்லாம் வீட்டாரே. நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் 2022இல் நடிகை தீபிகா படுகோன், தாம் தொடங்கிய அமைப்பின் கிராம மனநலப் பணிக்காக வந்தார். தமக்கு மனச்சோர்வு வந்ததை 2015இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். திரையுலகில் இருப்பவர் மறைக்காமல் சொன்னதைச் சபையில் இருக்கும் நாம் ஏன் குசுகுசுவென்று பேச வேண்டும்?

ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர்தானே. வியாதியஸ்தருக்காக ஜெபித்தபின், "மாத்திரை சாப்பிட்டீர்களா? ஏதாவது தொல்லை இருக்கிறதா?" என்று கேளுங்கள். மறுபரிசோதனை நாளில் கூடப்போங்கள். பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் சிறிய காணிக்கையாகத் தோன்றலாம். சூரைச்செடியின் கீழ் வைக்கப்பட்ட அடையும் சிறியதுதான்.

அந்தச் சகோதரியிடம் வார்டிலேயே மன்னிப்புக் கேட்டேன். இரத்தசோகையும் இருந்தது தெரிந்து, அதற்கும் மருந்து கொடுத்தார்கள். பத்தரை மணிக்குச் சாப்பிட்ட மாத்திரையை டாக்டர் எட்டு மணிக்கு மாற்றினார். இப்போது முதல் ஆராதனைக்குப் பதிலாக இரண்டாம் ஆராதனைக்கு வருகிறார்கள், பாடுகிறார்கள். "இன்னும் சில ஞாயிறு கண் சொக்குதுங்க ஐயா" என்றார்கள். "சொக்கினால் தூங்குங்கள் அம்மா, நான் மெதுவாகப் பேசுகிறேன்" என்றேன்.

சிந்திக்க:

1. எலியாவைத் தூதன் ஏன் இரண்டு முறை சாப்பிட எழுப்பினான்? ஏன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை?
2. என் விளையாட்டுப் பேச்சால் சபையில் யாராவது மருந்தை மறைக்கிறார்களா, நிறுத்தியிருக்கிறார்களா?
3. இந்த வாரம் நான் விசாரிக்க வேண்டிய ஒருவர் யார்?

ஜெபிக்க: மாத்திரையின் முதல் வாரங்களைக் கடந்துகொண்டிருப்பவர்களுக்காகவும், இரவில் விழித்திருந்து அவர்களைக் காக்கும் வீட்டாருக்காகவும்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்