பிடியரிசி நோட்டு

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசியை விளக்க வேண்டியதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். சேர்ந்த அரிசியை ஆலயத்தில் விற்று, ஊழியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுப்போம். விசுவாசத்துக்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கிய சீமை இது. எங்கள் பெண்கள் சங்கத்தில் பதினோரு வருடம் நான் பொருளாளர். கணக்கு ஒரு ரூபாய் பிசகியதில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் வீடுகளுக்குள் ஏறிவிட்டது. அரிசி, பாய், போர்வை எல்லாரும் கொடுத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். எங்கள் சபையில் பீடி சுற்றும் ஒருத்திக்கு இலை, தூள், முறம் எல்லாம் போயிற்று. அரசு கொடுத்த 6,000 ரூபாயும் குழுக்கடன் தவணைக்கே சரியாகிவிட்டது. அடுத்த தவணைக்குச் சங்கத்திலிருந்து 2,000 கொடுத்தேன். இருட்டிய பிறகு, தனியாகப் போய்த்தான் கொடுத்தேன். அதுவரை சரி.

வருடாந்தரக் கூட்டத்தில் நான் கணக்கு வாசித்ததும் ஒருவர் எழுந்தார். மாதம் நூறு ரூபாய் தருவதற்கே நாலு தடவை கேட்க வேண்டிய மனிதர். “அந்த ரெண்டாயிரம் யாருக்குன்னு போடலையே?” என்றார். என் கணக்கிலா சந்தேகம் என்று எனக்குச் சுருக்கென்றது. நோட்டை விரித்துப் பெயரை வாசித்துவிட்டேன். அவள் பின்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கிற மகள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் 500 ரூபாய். “மிச்சத்தையும் பையப் பைய தந்திருதேங்க்கா.” கடனில்லை என்று எவ்வளவோ சொன்னேன். திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலு மாதத்தில் முழுதும் வந்துவிட்டது. நானும் ஒவ்வொரு தடவையும் வரவு எழுதினேன், பொருளாளர் புத்தி.

ஆகவே உங்கள் சங்கத்து நோட்டில் ‘யாருக்கு’ என்ற பத்தியை இன்றைக்கே கிழியுங்கள். கேட்கிறவர் கேட்கட்டும். தொகையைச் சபை ஐயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். கஷ்டப்படுகிறவர்களின் மளிகைக் கடைப் பற்றை நீங்களே அடைத்துவிடுங்கள். கடைக்காரர் வாய் திறக்காதவராக இருக்க வேண்டும். தவணைக்காரன் வருவதற்கு முந்தின நாள் கொடுங்கள், மறுநாள் கொடுத்துப் பயனில்லை. நாலு பேராகப் போய் வாசலில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணாதீர்கள், தெருவே எட்டிப்பார்க்கும். ஆலயத்து அசன விருந்தன்று பாருங்கள்: ஒரே சோறு, ஒரே கறி, எல்லாரும் ஒரே பந்தி. யார் வீட்டு அரிசி என்று இலையில் எழுதியா இருக்கிறது?

இன்னொன்று. வெள்ளத்துக்குப் பிறகு அவளிடம், “நீ இப்பப் பிடியரிசி போடாண்டாம்” என்று இரக்கப்பட்டுச் சொன்னவளும் நான்தான். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

ஆலயத்துக்கு வருகிறாள், சங்கத்துக்கு வருவதில்லை. பிடியரிசி டப்பா மட்டும் மகள் கையில் மாதாமாதம் வருகிறது, தலைதட்டி நிறைத்து.