ரசீது என்னும் சொல் வந்த வழி

நாம் அன்றாடம் புழங்கும் ரசீது என்ற சொல், ஆங்கிலேயரின் ‘ரிசீட்’ நம் வாயில் திரிந்து வந்தது என்று வணிக அன்பர்கள் பலர் கருதுகின்றனர். நாமும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் அவ்வாறே எழுதி, பாரசீகச் சொல் ஒன்றின் சாயலும் அதில் படிந்திருக்கலாம் என்று சேர்த்துக் கொண்டது.

உண்மையில் ரசீது பாரசீகச் சொல்லே. அம்மொழியில் ‘ரசீதன்’ என்றால் வந்து சேர்தல். ‘ரசீத்’ என்றால் ‘வந்து சேர்ந்தது’. ஆங்கிலேயர் ஆட்சி நடக்காத ஈரானிலும் இன்றுவரை ரசீதுக்கு இதே பெயர்தான். ஆங்கிலச் சொல்லோ ‘பெற்றுக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. இரண்டும் ஒலியில் ஒத்துப்போனது தற்செயல்.

மொகலாயர் கச்சேரிகளில் பாரசீகமே எழுத்து மொழி. தெற்கே ஆற்காடு நவாபுகளின் நிர்வாகத்திலும் அதுவே. 1837இல் கம்பெனி அரசு சட்டம் இயற்றிப் பாரசீகத்தை அகற்றியது. மொழி போயிற்று, சொற்கள் போகவில்லை. நம் தராசும் பாரசீகம். குமாஸ்தாவும் பாரசீகம், ‘நியமிக்கப்பட்டவர்’ என்று பொருள். ரசீது இந்தி, உருது, நேபாளி, வங்காளி, தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே ஒலியோடு வழங்குகிறது. கன்னடத்தில் ரசீதி. மராத்தியர் மட்டும் ‘பாவ்தி’ என்பர். அதுவும் ‘வந்தடைதல்’ என்ற வினையில் பிறந்ததே! இலங்கைத் தமிழர் பற்றுச்சீட்டு என்று அழகாகச் சொல்கின்றனர்.

இந்தப் பொருளை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் ஒருவருக்கு லாரியில் 50 மூட்டை துவரம்பருப்பு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, டிரைவர் அவசரப்பட்டார். ‘அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இறக்கி அடுக்கியபோது 47 மூட்டைதான் இருந்தது. லாரி செட்டில் முறையிட்டதற்கு, அவருடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். அந்தத் தாள் ‘50 மூட்டை வந்து சேர்ந்தது’ என்று அவரே எழுதிக் கொடுத்தது போலாகிவிட்டது. மூன்று மூட்டையின் விலையும் அவர் தலையில் விழுந்தது.

மழையோ அவசரமோ, எண்ணிய பிறகே கையெழுத்து. குறைவு இருந்தால் ‘3 மூட்டை குறைவு’ என்று டிரைவரிடம் உள்ள பிரதியிலும் நம் பிரதியிலும் எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்க வேண்டும்.

பணத்துக்கும் இதே கதைதான். காசோலைக்கு ரசீது எழுதும்போது எண், தேதி, வங்கி ஆகியவற்றைக் குறித்து, ‘வசூலானால் மட்டுமே செல்லும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. வெறுமனே ‘தொகை வரவு’ என்று எழுதிக் கொடுத்தபின் காசோலை திரும்பி வந்தால், பணம் வரவில்லை என்று நிரூபிக்கும் அலைச்சல் நம்முடையது.