வீடா, சானடோரியமா? ஒரு கணக்கு சொல்லும் பாடம்



நம் டிரஸ்ட் தொண்டர்கள் புழலில் வீடு வீடாகச் சென்று சர்வே எடுத்தபோது, பல வீடுகளில் ஒரே பேச்சைக் கேட்டார்கள். “டி.பி. வந்தவரை வீட்டில் வைத்திருந்தால் அவருக்கும் குணமாகாது, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். எங்காவது அனுப்பிவிடுவதுதான் நல்லது.” ஒரு வீட்டில் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போன இடத்தில் அந்தப் பெண் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டாள்.

இதைக் கேட்டதும் என் பெரியத்தா நினைவுக்கு வந்தார். நான் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் காசநோய் வந்தது. வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டு, தனித் தட்டு, தனித் தம்ளர் கொடுத்து வைத்தோம். மருந்து சாப்பிடுகிறாரா என்று யாரும் அருகில் போய்க் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் மருந்தை நிறுத்தினார். அடுத்த வருடமே மௌத்தானார். நாங்கள் செய்தது பாதுகாப்பு என்றுதான் அன்று நினைத்தோம்.

வீட்டில் வைத்தால் குணமாகாது என்பது உண்மையா? இந்தக் கேள்வியை நம் சென்னையிலேயே முறையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மருத்துவ மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை, சீட்டுக் குலுக்குவது போல இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள். ஒரு தரப்பு சானடோரியத்துக்குப் போனது. அங்கே ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. மறு தரப்பு தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பாஸ். ஒரு வருட சிகிச்சை.

1959இல் முடிவு வெளியானது. பல காரணங்களால் சிலரை நீக்கிய பின், ஒரு தரப்புக்குச் சுமார் 80 பேர் கணக்கில் வந்தார்கள். நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம்.

“பார்த்தீர்களா, சானடோரியம்தான் மேல்” என்று உடனே சொல்லத் தோன்றும். இங்கேதான் கணக்கு தேவை. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்து தலை, ஐந்து பூ என்று சரியாக விழுவதில்லை. அதுபோல, இடத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாகச் சிறு வித்தியாசம் வரும். 6 சதவீத வித்தியாசம் அந்த வகைதானா? இதைப் பார்க்க 1900இல் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி சொன்னார். கல்லூரிப் பாடத்தில் இதற்குக் கை-வர்க்கச் சோதனை என்று பெயர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எளிமைக்காகத் தரப்புக்கு 80 பேர் என்றே வைத்துக்கொள்வோம்.

வீடு: குணமானவர் 69, ஆகாதவர் 11.
சானடோரியம்: குணமானவர் 74, ஆகாதவர் 6.
மொத்தம்: குணமானவர் 143, ஆகாதவர் 17.

முதல் படி: இடத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 143ஐச் சரிபாதியாகப் பிரித்து, தரப்புக்கு 71.5 பேர் குணமாகியிருக்க வேண்டும், 8.5 பேர் ஆகாமல் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: நடந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் நான்கு கட்டத்திலும் 2.5. அதை அதனாலேயே பெருக்கினால் 6.25.

மூன்றாம் படி: அதை எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும். 71.5ஆல் வகுத்தால் சுமார் 0.09, 8.5ஆல் வகுத்தால் சுமார் 0.74. இவை தரப்புக்கு ஒன்றாக இரண்டு முறை வரும். நான்கையும் கூட்டினால் ஏறத்தாழ 1.65.

இப்படி இரண்டுக்கு இரண்டு கட்டத்தில், சம்பந்தமே இல்லாதபோதும் இந்தக் கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான். அதனால் தாண்டினால் சம்பந்தம் இருப்பதாகக் கொள்வார்கள். நமக்கு வந்தது 1.65. ஆகவே இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. “சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை” என்பது “சம்பந்தமே இல்லை” என்பதற்கு நிரூபணம் ஆகாது. இதே சதவீதம் 1600 பேரிடம் வந்திருந்தால் கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டியிருக்கும். ஆனால் மருத்துவர்கள் பார்த்த பெரிய விஷயம் வேறு. போதிய ஓய்வோ சத்தான சாப்பாடோ இல்லாத ஏழை வீட்டிலும், மருந்து ஒழுங்காகப் போனபோது நூற்றுக்கு 86 பேர் தேறினார்கள்.

அப்படியானால் குடும்பத்தாருக்கு ஒட்டாதா? அதையும் பார்த்தார்கள். இரு தரப்பின் வீட்டாரையும் ஐந்து வருடம் கவனித்து 1966இல் வெளியிட்டார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாக வரவில்லை. ஆபத்து பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. இந்தச் சென்னை ஆய்வுக்குப் பிறகே உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சை பரவியது.

நம் சர்வேயிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நோயாளி எங்கே இருந்தார், மருந்தை முடித்தாரா. இதே முறையில் கட்டம் போட்டுப் பார்ப்போம். ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும். எதிர்பார்க்கும் எண் எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் குறையக் கூடாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நாம் யாரையும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. நோய் முற்றியவரைத்தான் வெளியே அனுப்பியிருக்கலாம். ஆகவே சம்பந்தம் தெரிந்தாலும், காரணம் இதுதான் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டோம்.

கணக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும், காட்டித் தடுப்பு மருந்து கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள்.

அந்த மருமகளின் மாமியாரிடம் இந்தக் கணக்கை உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு, “மருந்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன், வரச் சொல்லுங்க” என்றார். அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அனுப்பிவிடாதீர்கள். தினமும் அவர் கையில் மாத்திரையைக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்