தசாவதாரத்தின் அலையும் எங்கள் வீட்டுப் பென்சில் கோடும்

போன மாசம் ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பைச் சுத்தி ஆறு பேர் உட்கார்ந்து 'தசாவதாரம்' பார்த்தோம். 2008 ஜூன் 13-ல் வந்த படம். அதில் வரும் சுனாமி 2004 டிசம்பர் 26-ல் நிஜமாக வந்தது. எங்க ஆறு பேரில் யாருக்கும் அந்த சுனாமி ஞாபகம் இல்லை. சிலர் அப்போ பிறக்கவே இல்லை. அதனால் நம்ம செட்டுக்கு சுனாமி என்றாலே முதலில் மனசில் வருவது கமல் படத்தின் கிளைமாக்ஸ்தான்.

கடைசி அரை மணி நேரம் வந்ததும் பக்கத்தில் இருந்த நண்பன் சிரிச்சான். "கிராஃபிக்ஸ் பாரு மச்சி, அலை தனியா போகுது, ஆள் தனியா ஓடுறான்." எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் வேற ஒரு யோசனை ஓடிட்டு இருந்தது. நான் திருநீர்மலைக்காரன். 2015 டிசம்பர் 1 ராத்திரி எங்க வீட்டுக்குள் வந்த தண்ணி இந்த மாதிரி வரவே இல்லையே?

அந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதில் கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சினிமா, கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதல்ல, அந்த அலை ஏன் ஒட்டல?

தண்ணியைத் திரையில் காட்ட பழைய வழி மினியேச்சர். சின்ன ஊரைக் கட்டி, அதில் தண்ணியைத் திறந்துவிட்டு எடுப்பாங்க. ஆனால் சின்ன அலை வேகமாக உடைஞ்சு விழும், பெரிய அலை நிதானமாக விழும். சாதாரண வேகத்தில் எடுத்தால் பாத்ரூம் பக்கெட் மாதிரி தெரியும். அதனால் கேமராவை வேகமாக ஓட்டி, திரையில் மெதுவாகக் காட்டணும். எவ்வளவு வேகம்? நாம மூணாவது செமஸ்டரில் படிச்ச ஃப்ரூடு எண்தான் பதில். நேரம், அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 9-ல் 1 பங்கு மாடல் என்றால் மூணு மடங்கு வேகம், அதாவது நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 72 ஃபிரேம்.

இதே விதியை வெச்சுத்தான் அணை, மதகு, கலங்கல் எல்லாத்துக்கும் மாடல் செஞ்சு சோதிக்கிறாங்க. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் நீர்வளத் துறையின் நீரியல் ஆய்வு நிறுவனம் பல வருஷமாக இந்த வேலையைச் செய்யுது.

ஆனால் ஃப்ரூடு விதியால் சரி செய்ய முடியாத ஒண்ணு இருக்கு: துளி. பரப்பு இழுவிசை காரணமாக, மாடலைச் சின்னதாக்கினாலும் தண்ணித் துளி அதுக்கேத்த மாதிரி சின்னதாகாது. பொம்மைக் கட்டடத்தின் மேல் ஜன்னல் அளவுக்குத் துளி தெறிக்கும். நம்ம கண் அதை உடனே கண்டுபிடிச்சுடும்.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர். நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிச்சுத் தீர்க்கிறது. 1999-ல் ஜாஸ் ஸ்டாம் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை, சமன்பாடு வெடிச்சுச் சிதறாமல் பெரிய நேர இடைவெளியில் தீர்க்க வழி காட்டியது. 2000-ல் 'தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்', 2004-ல் 'தி டே ஆஃப்டர் டுமாரோ' என்று ஹாலிவுட் கம்ப்யூட்டர் தண்ணியைத் திரையில் காட்டியது. தசாவதாரத்தின் கிராஃபிக்ஸ் மேற்பார்வை பிரையன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர். தமிழ்ப் படம் அந்த அளவுக்குக் கடலைக் காட்ட முயற்சி செஞ்சதே அன்னைக்குப் பெரிய விஷயம். இப்போ பார்க்கும்போது ஒட்டாமல் தெரியக் காரணம் பெரும்பாலும் அலை இல்லை. அலையும் மனுஷனும் சேரும் இடம். வெளிச்சம் ரெண்டு திசையில் இருந்து வந்தால், தண்ணி பட்ட உடம்பு நனையாமல் இருந்தால், நுரை காலைச் சுத்தி விலகிப் போகலைன்னா மூளை நம்பாது.

அறிவியலில் எவ்வளவு மார்க்?

படத்தின் கதை: ஒரு கிருமி ஆயுதம் வெளியே வந்துடுது, உப்புதான் அதை அடக்கும், அந்த நேரம் சுனாமி வந்து ஊரையே உப்புத் தண்ணியில் குளிப்பாட்டுது. சோடியம் குளோரைடு விஷயம் கதைக்கு வசதி, விட்டுடலாம். அலையை மட்டும் பார்ப்போம்.

ஆழ்கடலில் சுனாமியின் வேகம் கண்டுபிடிக்க ரொம்ப எளிய வழி இருக்கு. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடல் ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்க. வங்கக் கடலுக்கு 3,000 மீட்டர் என்று வெச்சால் நொடிக்கு சுமார் 171 மீட்டர், அதாவது மணிக்கு 617 கிலோமீட்டர். ஏறக்குறைய விமான வேகம். அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். வேகம் குறையுது, உயரம் கூடுது.

உயரம் கூடும் என்றால் படத்தில் வர மாதிரி வானத்தை மறைக்கும் சுவரா? தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பாலான இடங்களில் வந்தது சில மீட்டர் உயரம்தான். ஆனால் சாதாரண அலை போல வந்து உடைஞ்சு திரும்பவில்லை. பின்னாடி கடலே தள்ளிக்கிட்டு வந்த மாதிரி, நிமிஷக்கணக்கில் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தாங்க.

படம் காட்டாத இன்னொரு விஷயம் நேரம். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்தது நம்ம நேரப்படி காலை 6:28-க்கு. சென்னைக் கரைக்கு அலை வந்தது 9 மணி வாக்கில். நடுவில் ரெண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. மெரினாவில் வாக்கிங் போனவங்களுக்கும், படகை ஒதுக்கிட்டு வலை பிரிச்சுட்டு இருந்தவங்களுக்கும் ஒரு ஃபோன் கூட வரல. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போ எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் ஆரம்பிச்சது, தசாவதாரம் ரிலீஸுக்கு எட்டு மாசம் முன்னாடி.

இப்போ திருநீர்மலைக்கு வாங்க

எங்க ஊர் பேரிலேயே தண்ணி இருக்கு. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தப்போ மலையைச் சுத்தி வெள்ளம் நின்னதாம். வடியறதுக்கு ஆறு மாசம் காத்திருந்தார் என்பது தலபுராணம். சினிமாவில் மலைக் கோயில் கல்யாணம் என்று நீங்க பார்த்த சில காட்சிகள் இங்கேதான் எடுத்தது. ஆனால் இந்த ஊரில் நடந்த வெள்ளத்தை யாரும் படம் எடுக்கல.

மேப்பைத் திறந்து பாருங்க. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரை வாங்கிட்டு அடையாறு வருது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியா வருது. ரெண்டும் சேர்வது திருநீர்மலை பக்கத்தில். ஒவ்வொரு மழைக்காலமும் ஏரி திறக்கும்போது செய்தியில் வாசிக்கும் ஊர் வரிசையில் எங்க பேரும் வரும்.

2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்றால் 49 கோடி லிட்டர். நம்ம கேம்பஸுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் அளந்தால் 40,000 லாரிக்கு மேல். செம்பரம்பாக்கத்தில் இருந்து உச்சத்தில் திறந்தது சுமார் 29,000 கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். பெருக்கிப் பாருங்க: நொடிக்கு 8.2 லட்சம் லிட்டர். ஒவ்வொரு நொடியும் 68 லாரி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். "செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் எல்லாம்" என்று சொல்லி முடிச்சுடுவோம். அடையாற்றில் கீழே இருக்கிற சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்துக்கு அந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையும் அதைக் கடுமையாகக் கேட்டது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த நீர் சேரும் இடத்துக்கு மேலே இருக்கு. அங்கே மூழ்கடிச்சது அடையாற்றின் சொந்த ஏரிச் சங்கிலி. கால்வாய் குறுகியும், ஏரிக்குப் பக்கத்தில் மனைகள் பெருகியும் போன சங்கிலி. ஒரே வெள்ளத்துக்கு ரெண்டு காரணம். ரெண்டும் கைகோக்கும் இடத்தில் எங்க ஊர்.

எங்க வீட்டில் நடந்தது

எனக்கு அப்போ பத்து வயசு. கரண்ட் இல்லை, ஃபோனில் சிக்னல் இல்லை. ஏரியைத் திறக்கிறாங்க என்ற தகவல் எங்க தெரு வரைக்கும் வந்து சேரல. தண்ணி வாசலில் இருந்து வரும்னு அம்மா மணல் மூட்டையும் பழைய புடவையும் வெச்சு அடைச்சுட்டு இருந்தாங்க. தண்ணி பாத்ரூம் ஓட்டையில் இருந்து வந்தது. சத்தமே இல்லை. பாட்டி காலை நனைச்சதும்தான் தெரிஞ்சது.

அப்பா ஒரு காரியம் செஞ்சார். என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து பென்சில் எடுத்து, ஹால் சுவரில் தண்ணி நிக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினார்: 11:00. அரை மணிக்கு ஒரு தரம் கோடு. முதல் அரை மணியில் ரெண்டு விரற்கடை ஏறியிருந்தது. அடுத்த அரை மணியில் நாலு. அதுக்கடுத்த அரை மணியில் ஒரு சாண்.

மூணாவது கோட்டைப் பார்த்ததும் அப்பா பென்சிலை வெச்சுட்டு, "கிளம்புங்க" என்றார். பாட்டிக்கு மனசே இல்லை. "இன்னும் முட்டி கூட நனையலையேப்பா, விடிஞ்சதும் போலாம்" என்றாங்க. "உயரத்தைப் பாக்காதீங்கம்மா, ஏர்ற வேகத்தைப் பாருங்க" என்றார் அப்பா. நாலு வீடு தள்ளி இருந்த மாடி வீட்டுக்குக் கயிற்றைப் பிடிச்சுட்டு நடந்தோம். தெரு வீட்டை விடத் தாழ்வு, அங்கே தண்ணி அப்பாவுக்கு இடுப்பளவு. நான் அவர் தோளில். விடியும்போது மாடியில் இருந்து பார்த்தால், எங்க வீட்டு ஜன்னலின் மேல் சட்டம் மட்டும் தெரிஞ்சது.

விடியும் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கு போடலாம். ஓடும் தண்ணி உடம்பைத் தள்ளும் விசை, அடர்த்தியில் பாதி × இழுவைக் குணகம் × பரப்பு × வேகத்தின் வர்க்கம். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்பவரின் காலும் இடுப்பும் 0.3 சதுர மீட்டர், குணகம் 1 என்று வெச்சுக்கோங்க. வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்றால் 37 நியூட்டன், நாலு கிலோ தள்ளுற மாதிரி. சமாளிக்கலாம். ஒரு மீட்டர் என்றால் 15 கிலோ. ரெண்டு மீட்டர் என்றால் 60 கிலோ. ஆழம் அதேதான். வேகம் நாலு மடங்கு ஆனதும் விசை பதினாறு மடங்கு. எங்க பாட்டியின் எடையே 45 கிலோ.

ஐ.டி.ஐ. படிச்ச அப்பாவுக்கு இந்தச் சூத்திரம் எல்லாம் தெரியாது. நீர்மட்டம், நேரம், ரெண்டுக்கும் உள்ள சரிவு. அது அவர் கண்ணில் பட்டது. நாம அதை ஹைட்ரோகிராஃப் என்று படிச்சு ரெண்டு மார்க் வாங்குறோம்.

திரும்பவும் படத்துக்கு

இதுக்குப் பிறகு தசாவதாரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை என்னை நிறுத்தினது அலை இல்லை, வின்சென்ட் பூவராகன். பத்து வேஷத்தில் ஆற்று மணல் கொள்ளையை எதிர்த்துக் கத்திக்கிட்டே இருக்கும் மனுஷன். கடைசியில் சுனாமியில் மத்தவங்களைக் காப்பாத்தித் தன் உயிரைக் கொடுக்கிறவர். அவர் பேசும் பேரிடருக்கு கிராஃபிக்ஸே தேவைப்படல. லாரியும் மணலும் போதும். அலைக் காட்சிக்கு வயசாயிடுச்சு. அந்த லாரிக் காட்சிக்கு ஆகல.

2023-ல் வந்த மலையாளப் படம் '2018'-ஐயும் பாருங்க. கேரள வெள்ளத்தைப் பற்றி ஜூட் ஆந்தணி ஜோசப் எடுத்தது. அதில் பயம் வருவது ராட்சச அலையால் இல்லை, வீட்டுக்குள் ஏறிக்கிட்டே இருக்கும் தண்ணியால். அதைப் பார்த்தப்போ எங்க பாட்டி டிவியை அணைக்கச் சொல்லிட்டாங்க. தசாவதாரத்தின் சுனாமியை முழுசா பார்த்தவங்க அவங்க.

சினிமா நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருக்கு: ஆபத்து என்றால் முன்னாடி இருந்து, சத்தத்தோட, பெருசா வரும்னு. அதனால் கணுக்கால் தண்ணியை ஆபத்து என்றே நாம எண்ணறதில்லை. நம்ம புறநகரில் அது பின்னாடி இருந்து, ஓட்டை வழியா, விரற்கடை விரற்கடையா வரும்.

நீங்களே செய்யலாம்

1. உங்க வீடோ, ரூமோ இருக்கும் தெருவில் 2015 தண்ணி எவ்வளவு உயரம் நின்னது? பக்கத்து வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. சுவரைக் காட்டச் சொல்லி, தரையில் இருந்து டேப் வெச்சு அளங்க.

2. உங்க தெரு எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே இருக்குன்னு மேப்பில் கண்டுபிடிங்க. செய்தியில் அந்த ஏரி பேர் வந்தால் உங்களுக்கு அர்த்தம் புரியணும்.

3. அடுத்த பெருமழைக்கு ஒரு பென்சில், ஒரு கடிகாரம், ஏறிப் போக ஒரு மாடி. மாடி வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுடுங்க. அரை மணிக்கு ஒரு கோடு. இடைவெளி பெருசாகிட்டே போனால் விடியலுக்குக் காத்திருக்காதீங்க.

முதல் கேள்விக்குக் கிடைத்த அளவுகளைத் தெருப் பெயரோட ஆசிரியர் குழுவிடம் கொடுங்க. சர்வே லேப் லெவலை எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் ஒரே மேப்பில் சேர்க்கலாம்னு சிவில் மூன்றாம் ஆண்டு பசங்க சேர்ந்து முடிவு பண்ணியிருக்கோம். முதல் அளவு எங்க வீட்டில் இருந்து: தரையில் இருந்து 1 மீட்டர் 92 சென்டிமீட்டர். வீட்டுக்கு ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சாச்சு. அந்த மூணு பென்சில் கோடு இருக்கும் இடத்தை மட்டும் அப்பா அடிக்க விடல.