ஜாய்ஸ்டிக் ஒட்டுகிறதா? எண்ணெய் விடும் முன் கவனிக்க வேண்டியவை

கேம் கண்ட்ரோலரின் குச்சி நடுவுக்குத் திரும்பாமல் ஒரு பக்கமாக நின்றுவிட்டாலோ, சுற்றும்போது கரகரவென்று உரசினாலோ, கைக்கு அகப்பட்ட எண்ணெயில் இரண்டு சொட்டு விடத்தான் தோன்றும். கதவுக் கீலுக்கு அது போதும். ஜாய்ஸ்டிக்கோ பெரும்பாலும் பிளாஸ்டிக். உள்ளே நுட்பமான மின்பாகங்களும் உண்டு. வழுக்குகிற எண்ணெய் எத்தனையோ கிடைக்கும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காததாகத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. குச்சியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எல்லாத் திசையிலும் பசை மாதிரி இழுத்தால் குளிர்பானமோ டீயோ உள்ளே போயிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் தட்டினால் தூசி, முறுக்குத் துகள், அல்லது தேய்ந்த விளிம்பு காரணமாக இருக்கும். பிசுக்கே இல்லாமல் வறட்சியாக உரசினால்தான் மசகுக்கு வேலை. முதல் இரண்டிலும் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. குச்சி நன்றாக அசைகிறது, கைப்பிடிதான் பிசுபிசுக்கிறது என்றால் அது வேறு கோளாறு. ரப்பர் போன்ற மென்மைக்காகப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தால் நாளடைவில் சிதைந்து பசையாகிவிடும். கடலோர ஊர்களில் பழைய கண்ட்ரோலர்களை எடுத்துப் பார்த்தால் இது தெரியும். மசகு போட்டால் இன்னும் மோசமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். பூச்சு போய், அடியில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சுத்தமாக வெளிவரும்.

3. சர்க்கரைப் பிசுக்குக்கு முதலில் தண்ணீர்தான். சுத்த ஆல்கஹாலில் சர்க்கரை கரையாது. 99 சதவீத ஆல்கஹால் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் குளிர்பானக் கறை அப்படியே இருப்பதற்கு இதுதான் காரணம். பட்ஸைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். 70 சதவீத ஆல்கஹாலும் உதவும், அதில் தண்ணீர் கலந்திருக்கிறதே. பிறகு 99 சதவீத ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் மிச்ச ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். முழுவதும் உலர்ந்த பிறகே மின் இணைப்பு.

4. திறப்பதற்கு முன் கேபிளைக் கழற்றுங்கள். பேட்டரி இருந்தால் மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் கண்ட்ரோலருக்குச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கு நடுவில் துளையுள்ள டி8 டார்க்ஸ் வேண்டும், நின்டெண்டோ ஜாய்-கானுக்கு மூன்று கை முனை. பொருந்தாத முனையைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. சின்ன ஸ்பிரிங்குகள் தெறித்தோடும் என்பதால் விளிம்புள்ள தட்டில் வைத்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், ஏசி அறையில் குச்சி மாவு பிசைவது போலாகும். சமையல் எண்ணெய்கள் காற்றுபட்டு நாளாவட்டத்தில் பிசினாகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். வாசலின் ரப்பர் பாகங்களை உப்ப வைக்கும். பென்சில் தூளான கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், சர்க்யூட் போர்டில் உதிர்ந்தால் ஷார்ட் ஆகலாம். முகப் பவுடர் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும்.

6. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துரு பிடிக்காமல் காப்பதற்காக உருவாக்கியது அது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குப் பயன்பட்டது. அதில் பெரும்பகுதி பெட்ரோலியக் கரைப்பான். ஏற்கெனவே இருக்கும் நல்ல கிரீஸைக் கரைத்துவிட்டுக் கரைப்பான் ஆவியாகிப் போகும், மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சும். அன்றைக்குக் குச்சி அருமையாக ஓடுவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பாலிகார்பனேட்டிலும் தெளிந்த பாலிஸ்டைரீனிலும் அடிக்க வேண்டாம் என்று அதைத் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்குக்கு அது வேண்டாம். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைந்தே போகும்.

7. தவறான எண்ணெய் செய்யும் கெடுதல் உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. வெளி ஓடு பொதுவாக ஏபிஎஸ், சில பாகங்கள் பாலிகார்பனேட். இந்த இரண்டிலும் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும். ஸ்க்ரூ இறுகப் பிடித்திருக்கும் தூண், வளைந்து மாட்டிய கொக்கி, ஸ்பிரிங் அழுத்தும் விளிம்பு ஆகியவற்றில் பிளாஸ்டிக் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே பொருந்தாத எண்ணெய் ஊறினால் அந்தப் பின்னலைத் தளர்த்திவிடும். முதலில் முடி போன்ற வெள்ளைக் கோடுகள் தோன்றும். சில நாளோ சில வாரமோ கழித்து, யாரும் கீழே போடாமலே அந்த இடம் வெடித்துவிடும். 'தரமில்லாத பொருள்' என்று கண்ட்ரோலரைத்தான் திட்டுவோம். பிஓஎம் என்னும் பிளாஸ்டிக், நைலான் போன்றவை எண்ணெயை நன்றாகத் தாங்கும். ஆனால் பாதுகாப்பான இந்தப் பாகத்தில் விட்ட எண்ணெய் ஓடி ஏபிஎஸ்ஸைத் தொடாது என்று யாரால் சொல்ல முடியும்?

8. எந்தப் பிளாஸ்டிக் என்று அறிய, கழற்றிய பாகத்தின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல பாகங்களில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிசி, பிஓஎம், பிஏ என்ற ஆங்கில எழுத்துகள் புடைப்பாக இருக்கும். பிசி என்றால் பாலிகார்பனேட், பிஏ என்றால் நைலான். எழுத்தே இல்லையென்றால் ஏபிஎஸ் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

9. வீட்டு வேலைக்கு என் முதல் தேர்வு, கரைப்பான் கலக்காத சிலிகோன் கிரீஸ். ஏபிஎஸ், பாலிகார்பனேட், பிஓஎம், நைலான் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், உறையாது, பிசினாகாது. சிலிகோன் ரப்பரில் மட்டும் தடவக் கூடாது, உப்பிவிடும். கண்ட்ரோலர் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மெத்தைகள் பெரும்பாலும் அந்த ரப்பர்தான். இன்னொரு நல்ல தேர்வு, பிஏஓ என்னும் செயற்கை எண்ணெயில் பிடிஎஃப்இ தூள் கலந்த கிரீஸ். எதை வாங்கினாலும் டியூபில் 'பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். வெறும் 'மல்டி பர்ப்பஸ்' என்பதை நம்பி வாங்காதீர்கள்.

10. கடையில் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் 'வெள்ளை சிலிகோன் பேஸ்ட்' என்று கேட்டால், ஹீட் சிங்குக்குப் போடும் பேஸ்ட்டை எடுத்துக் கொடுத்துவிடலாம். அதுவும் சிலிகோன்தான், ஆனால் துத்தநாக ஆக்சைடு போன்ற தூள் நிறைந்தது. வெப்பம் கடத்துவதற்கானது, வழுக்குவதற்கு ஆகாது. வாட்டர் ஃபில்டரின் ஓ-ரிங்குக்குப் போடும் சிலிகோன் கிரீஸ் என்று கேளுங்கள், சரியானது கிடைக்கும். டிரெட்மில் பெல்ட்டுக்கு விற்கும் சுத்த சிலிகோன் எண்ணெயும் ஆகும். ஆனால் அது நீர்த்து ஓடும், அரைச் சொட்டுக்கு மேல் வேண்டாம். கார் டேஷ்போர்டு ஸ்ப்ரேயில் கரைப்பானும் வாசனையும் சேர்ந்திருக்கலாம். தவிருங்கள்.

11. ஸ்ப்ரே டப்பா எதுவானாலும் ஜாய்ஸ்டிக் மேல் நேராக அடிக்காதீர்கள்.

12. தடவ வேண்டியது உரசும் இடத்தில் மட்டும்: பந்து போன்ற மூட்டு அமரும் குழி, குச்சி சாயும் அச்சு முனைகள். கடுகளவு கிரீஸைப் பல்குத்தும் குச்சியில் எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாகப் பரப்புங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிகளில், குச்சியின் சாய்வை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும். அதன் கார்பன் பட்டையில் சிலிகோன் ஏறக் கூடாது. சிலிகோன் எண்ணெய் தானாகவே மெல்ல ஊர்ந்து பரவும், மின்தொடர்பைக் கெடுக்கும். அதனால்தான் 'கொஞ்சம்' என்று வற்புறுத்துகிறேன். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் வகையில் தேய்கிற தொடுமுனை இல்லாததால் இந்தப் பயம் குறைவு.

13. புதிய கிரீஸை முதலில் வெளியே தெரியாத ஒரு மூலையில், முடிந்தால் ஸ்க்ரூ தூணுக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து ஒரு நாள் விடுங்கள். வெளுப்பு, மென்மை, கோடு எதுவும் இல்லையென்றால் மேற்கொண்டு போகலாம்.

14. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 கண்ட்ரோலரைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் குச்சியின் அடிமுனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசியபடியே சுழலும். உரசி உரசி வெள்ளைப் பொடி சேரும். பொடியை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே கிரீஸ் வையுங்கள். பொடியோடு கலந்தால் கிரீஸே உப்புத்தாள் வேலை செய்யும்.

15. விமான சிமுலேட்டர் ஆடுபவர்களின் பெரிய ஜாய்ஸ்டிக்கில் தேவையே வேறு. குச்சி வழுக்கி ஓடாமல் சீரான எதிர்ப்போடு நகர வேண்டும். அதற்கு டேம்பிங் கிரீஸ் என்று தனி வகை உண்டு. அந்த ஆர்வலர்களிடையே நையோஜெல் 767ஏ பிரபலம். சின்ன கண்ட்ரோலரில் போட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங்கின் பலம் போதாமல் குச்சி நடுவுக்குத் திரும்பத் தயங்கும்.

16. மூடுவதற்கு முன் குச்சியை எல்லாத் திசையிலும் பலமுறை சுழற்றி, வெளியே பிதுங்கிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள். கணினியில் இணைத்துக் கேலிபரேஷன் செய்து பாருங்கள். தொடாமலே பாத்திரம் திரையில் நகர்ந்துகொண்டிருந்தால் அது டிரிஃப்ட். கார்பன் பட்டை தேய்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் அதைச் சரிசெய்யாது. சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்டிக் மாட்யூலையே மாற்றச் சொல்லுங்கள்.