லூயிசியாவைப் படுக்க வைத்து நடுங்கள்

இங்கிலாந்துத் தோட்டங்களில் குளிர்காலம் முடிந்ததும் லூயிசியா அழுகிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் பனி தாங்கவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பனிமேல் பழி வேண்டாம். லூயிசியா கோட்டிலிடன் என்ற இந்தச் செடிக்குச் சொந்த ஊர் ஓரிகன், கலிபோர்னியா எல்லையில் உள்ள சிஸ்கியூ மலைகள். அங்கே பாறை வெடிப்பில் வளரும் செடிக்கு உறைபனி புதிதல்ல. அதைக் கொல்வது, இலையடுக்கும் வேரும் சேரும் கழுத்தில் தேங்கும் ஈரம்.

அதனால் சமதரையில் நடாதீர்கள். கல்சுவரில் இரண்டு கல்லுக்கு நடுவில், இலையடுக்கு பக்கவாட்டில் பார்க்கும்படி படுக்க வைத்து நடுங்கள். வடக்கு அல்லது கிழக்கு பார்த்த இடமே நல்லது. கலவைக்குத் தோட்டமண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பொடிஜல்லி இரண்டு பங்கு. சுண்ணாம்புக்கல் ஜல்லி கூடவே கூடாது. வசந்தத்தில் நடலாம்.

பலரும் கோட்டை விடுவது நடும்போதுதான். கட்டி முடித்த கல்சுவரில் விரலால் துளை போட்டுச் செடியைத் திணிக்கிறார்கள், ஆணிவேர் மடிந்துபோகிறது. கல் அடுக்கும்போதே செடியை வைத்துவிட வேண்டும்.

கடைச்செடி பெரும்பாலும் பீட் கலவையில்தான் வரும். அது ஈரத்தை விடாது. வேரை வாளித் தண்ணீரில் முக்கி ஆட்டி, அத்தனையையும் உதிர்த்துவிடுங்கள். வேர் வெறுமையானால் செத்துவிடும் என்ற பயம் வேண்டாம். இதே பேரினத்தைச் சேர்ந்த லூயிசியா ரெடிவிவாவை நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் 1806இல் மொன்டானாவில் பிடுங்கி உலர்த்திக் கொண்டுபோனார். பல மாதம் கழித்துப் பிலடெல்பியாவில் நட்டபோது அந்தக் காய்ந்த வேரில் உயிர் இருந்தது!

அடிக்கல்லை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள்; மழைநீர் உள்ளே வேர்நுனிக்கு ஓடும். அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கலவையைப் பரப்பி, வேரை நீளவாக்கில் கிடத்துங்கள். கழுத்து கல்லின் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். மேலும் கலவை போட்டுக் குச்சியால் இடித்துவிடுங்கள். உள்ளே பொள்ளல் இருந்தால் வேர் காயும். மேல்கல்லை ஏற்றுமுன் இருபுறமும் கல்சில்லை ஆப்பாக வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கல்லின் பாரம் கழுத்தை நசுக்கிவிடும். கடைசியாகக் கழுத்தைச் சுற்றி வெறும் ஜல்லியை அடையுங்கள். இலையில் மண் படக்கூடாது.

முதல் கோடையில் மண் காய்ந்தால் தண்ணீர் விடுங்கள், இலைமேல் படாமல். அடியிலை காய்ந்தால் அவ்வப்போது கிள்ளி எடுத்துவிடுங்கள், அழுகல் அங்கிருந்துதான் ஏறும்.

கல்சுவருக்கு வழியில்லாதவர்கள் சரிவான ஜல்லிமேட்டில் நட்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மேலே ஒரு கண்ணாடித் தகடு நிறுத்தலாம். பக்கங்களை அடைக்காதீர்கள்; காற்று ஓட வேண்டும்.

விதையில் வரும் கன்று தாயின் நிறத்தில் பூக்கும் என்று நம்ப முடியாது. பிடித்த நிறம் கிடைத்தால், பூ ஓய்ந்ததும் பக்கக்கன்றைக் கத்தியால் அறுத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் ஜல்லியில் ஊன்றுங்கள்.